புதுச்சேரியிலிருந்து பிரிட்டனைப் பார்த்தால்

1761 ஜனவரி 16. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகைக்குப் பிறகு புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வெற்றி முழக்கம் அடங்குவதற்குள் வென்றவர்களுக்குள்ளேயே தகராறு மூண்டது. ஊர் யாருக்குச் சொந்தம்? சென்னைக் கவர்னர் ஜார்ஜ் பிகட், அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சொத்து என்றார். படை நடத்தி வந்த அயர் கூட்டும் கப்பற்படைத் தளபதி ஸ்டீவன்சும் அதை ஏற்கவில்லை. போரிட்டதில் பெரும்பங்கு மன்னரின் படை, கடலை அடைத்து நின்றவை மன்னரின் கப்பல்கள், ஆகவே ஊரும் மன்னருக்கே என்றார்கள். பிகட் அதிகம் வாதாடவில்லை. ஊரைக் கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் மன்னரின் படைக்கும் பிரெஞ்சுக் கைதிகளுக்கும் ஆகும் செலவுக்கு ஒரு காசு கூடத் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். மன்னரின் அதிகாரிகள் வேறு வழியின்றி இறங்கிவந்தார்கள்.

ஒரு வணிகக் கம்பெனியின் ஊழியர் ஒரு மன்னரின் தளபதிகளைச் சம்பளக் கணக்கைக் காட்டிப் பணியவைத்த நிகழ்ச்சி இது. பிரிட்டனின் கதையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதன் வரிசை மனப்பாடம்: மன்னராட்சி கட்டுப்பட்டது, நாடாளுமன்றம் வளர்ந்தது, சீர்திருத்தங்கள் வந்தன, இயந்திரங்கள் வந்தன, கடைசியில் சாம்ராஜ்யம் வந்தது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியதுபோல் ஒரு தோற்றம். புதுச்சேரியில் நின்று பார்த்தால் இந்த வரிசை நிலைக்காது. சாம்ராஜ்யம் இயந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சீர்திருத்தமோ, ஆளப்பட்டவர்களை எட்டுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

பிகட்டின் கைக்கு அந்தப் பலம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1534இல் எட்டாம் ஹென்றி ரோமாபுரியின் பிடியை உதறி இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். ஆனால் அதைச் சட்டமாக்க அவருக்கு நாடாளுமன்றம் தேவைப்பட்டது. தேவைப்பட்ட சபை மெல்ல மெல்ல வலுப்பெற்றது. அடுத்த நூற்றாண்டில் அதே சபை முதலாம் சார்லஸை எதிர்த்துப் போரிட்டது. 1649இல் அவர் தலை வெட்டப்பட்டது. 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். மறு ஆண்டு வந்த உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி விதிக்கக் கூடாது என்று உறுதியாக வரையறுத்தது.

இதை மக்களின் சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டும் படிப்பது வழக்கம். கடன் கொடுப்பவரின் கண்ணால் படித்தால் இன்னொன்று புரியும். தன்னிச்சையான மன்னருக்குக் கடன் கொடுத்தவர், அவர் மனம் மாறினால் முதலையே இழக்கலாம். வரி விதிக்கும் சபையே கடனுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டால், அந்தச் சபையில் கடன் கொடுத்தவர்களின் உறவினரும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தால், பணம் திரும்பி வரும். 1694இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கியதே அரசுக்குக் கடன் திரட்டித் தருவதற்காகத்தான். 1698இல் புதிய கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று அரசுக்கு 20 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, அதற்கு ஈடாகக் கீழைநாட்டு வணிக உரிமையைப் பெற்றது. எலிசபெத் ராணி 1600இன் கடைசி நாளில் உரிமம் கொடுத்த பழைய கம்பெனி இந்தப் புதியதோடு இணைந்து 1709இல் ஒரே கம்பெனி ஆனபோது, அரசுக்குக் கொடுத்திருந்த கடன் 32 லட்சம் பவுண்டு. கம்பெனி அரசின் தயவில் வாழ்ந்தது. அரசும் கம்பெனியின் பணத்தில் வாழ்ந்தது.

பிரான்சின் நிலை வேறு. 1664இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் நிறுவிய பிரெஞ்சுக் கம்பெனி மன்னரின் விருப்பத்தில் பிறந்தது. மன்னரின் ஆட்களே அதை நடத்தினார்கள். பத்தாண்டு கழித்து பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் அதற்கு ஒரு காலூன்ற இடம் தேடிக்கொடுத்தார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் பிரெஞ்சு அழகு என்று வியக்கும் நேர்நேரான வீதித் திட்டத்தை வரைந்தவர்கள் அவர்கள்தான். 1697 ஒப்பந்தத்தின்படி ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஆனால் பாரிசில் பணத்துக்கு எப்போதும் திண்டாட்டம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லா என்ற நிதி மேதை, பிரெஞ்சு அரசின் கடனையும் வங்கியையும் வெளிநாட்டு வணிகக் கம்பெனிகளையும் ஒன்றாகப் பிணைத்துப் பெரும் திட்டம் ஒன்றைத் தீட்டினார். 1720இல் அது சரிந்து விழுந்தது. அதே ஆண்டில் லண்டனிலும் தென்கடல் கம்பெனியின் பங்குகள் சரிந்தன. அங்கே நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது, கடன் அமைப்பு பிழைத்துக்கொண்டது. பிரான்சில் வங்கி என்ற சொல்லின் மீதே மக்களுக்குப் பல தலைமுறைகளுக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த ஜான் லாவின் தம்பி மகன் ழான் லாதான் பின்னாளில், 1765இல், இடிபாடாகக் கிடந்த புதுச்சேரியைத் திரும்பக் கட்டியெழுப்ப வந்த கவர்னர். சித்தப்பா பெரியப்பா உறவில் வரலாறு இப்படி ஊருக்குள் வந்து நிற்பது வியப்புதான்.

ஆங்கிலேயர் பக்கமும் குடும்பக் கதை ஒன்று உண்டு. தாமஸ் பிட் என்பவர் கம்பெனியின் உரிமத்தை மீறி இந்தியாவில் வணிகம் செய்து பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் 1691இல் ஓல்ட் சாரம் என்ற ஆளரவமற்ற கிராமத்தை வாங்கினார். குடியிருப்போரே இல்லாத அந்த இடத்துக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. நிலத்தை வாங்கினால் இருக்கைகளும் கூடவே வரும். 1698இல் அவரே சென்னையின் கவர்னர் ஆனார். கோல்கொண்டா வைரம் ஒன்றை வாங்கி, 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு விற்றார். விலை 1,35,000 பவுண்டு. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் அதே ஓல்ட் சாரம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். ஏழாண்டுப் போரை லண்டனிலிருந்து நடத்தியவர் அவர்தான். அந்தப் போரில்தான் புதுச்சேரி விழுந்தது. மன்னரைக் கட்டுப்படுத்திய நாடாளுமன்றம் யாருடைய நாடாளுமன்றம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

போரின் கதை தமிழர்களுக்குப் பழக்கமானது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே ஆற்காட்டிலும் ஐதராபாத்திலும் தனக்கு வேண்டியவர்களை அரியணையில் ஏற்றினார். 1751இல் ஆங்கிலக் கம்பெனியின் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1754இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். தன் சொந்தப் பணத்தைப் போரில் கொட்டியிருந்த அவர், அதைப் பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து மீட்கப் போராடியே 1763இல் இறந்தார். வீரத்திலும் சூழ்ச்சியிலும் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரியும்: புதுச்சேரியில் எப்போதும் பணம் இல்லை. 1736இல் எழுதத் தொடங்கி கால் நூற்றாண்டு தொடர்ந்த அந்தக் குறிப்புகளில் கப்பல் வந்ததா, வெள்ளி வந்ததா, யாரிடம் கடன் கேட்கலாம் என்ற கவலை பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறது. துபாஷி என்ற முறையில் கவர்னருக்கும் வணிகர்களுக்கும் நடுவே நின்றவர் அவர்; அந்த நெருக்கடியின் முழுப் பாரமும் அவர் மேசைக்குத்தான் வந்து சேர்ந்தது.

1758இல் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயரின் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அடுத்துச் சென்னையை நோக்கிப் போகப் பணம் இல்லை. பழைய பாக்கி என்று சொல்லித் தஞ்சாவூர் மன்னரிடம் பணம் பறிக்கப் படையெடுத்தார், வெறுங்கையோடு திரும்பினார். 1759 அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காக அவருடைய ஐரோப்பியப் படையே கலகம் செய்தது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில் பாரிசில் பிரெஞ்சு அரசு தன் கடன்களில் ஒரு பகுதிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. இரண்டு செய்திகளும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். எதிர்ப்பக்கம் பிரிட்டனின் தேசியக் கடன் அந்த ஒரே போரில் ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு மேல் ஏறியது. கடன் கொடுக்க ஆள் குறையவில்லை.

1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் லாலி தோற்றார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் புதுச்சேரி எல்லாப் பக்கமும் அடைக்கப்பட்டது. உணவு குறையத் தொடங்கியதும், நவம்பர் இறுதியில் கோட்டைக்குள்ளிருந்த தமிழ்க் குடிகள் ஏறத்தாழ 1,400 பேரை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் எல்லையைத் தாண்டவிடவில்லை. திரும்பிப் போனால் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள். ஆண், பெண், குழந்தைகள் என அத்தனை பேரும் இரு படைகளுக்கும் நடுவே புல்லையும் வேரையும் தின்று ஒரு வாரம் கிடந்தார்கள். அதன் பிறகே கூட் வழிவிட்டார். ஐரோப்பாவின் இரு நாகரிக அரசுகள் நடத்திய போரில் அவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை.

1761 புத்தாண்டு நாளில் அடித்த புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். முற்றுகை முடிந்தது என்று கோட்டைக்குள் மகிழ்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் வேறு கப்பல்கள் வந்து அதே இடத்தில் நங்கூரம் பாய்ச்சின. புதுச்சேரியின் விதி முடிவானது அந்த ஒரு வாரத்தில்தான். அதே ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பழியாகப் பிகட் புதுச்சேரியை இடிக்க உத்தரவிட்டார். மதில்கள், மாளிகைகள், மாதா கோயில்கள் எல்லாம் தரைமட்டமாயின. தோற்ற லாலிக்குப் பாரிசில் 1766இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதுவரை சொன்னதில் நீராவி இயந்திரம் எங்கும் வரவில்லை. 1761இல் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும் கிடையாது, ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமையும் கிடையாது. இரண்டும் 1769ஆம் ஆண்டுக்குரியவை. ஆக, தொழிற்புரட்சிதான் பிரிட்டனுக்கு இந்தியாவை வென்று கொடுத்தது என்பது காலக் கணக்கிலேயே பொருந்தாத பேச்சு. இயந்திரம் வந்ததற்கான காரணத்தைத் தேடினால், வழி மறுபடி இந்தக் கரைக்கே வந்து சேர்கிறது. இம்முறை கோட்டைக்கு அல்ல, சாயப் பட்டறைக்கு.

1734ஆம் ஆண்டை ஒட்டிப் புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியூ, இங்கே சீட்டித் துணி தயாராவதை அருகிலிருந்து கவனித்து எழுதிவைத்தார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிசில் இன்றும் இருக்கின்றன. கர்நாடக மிஷனைச் சேர்ந்த ஏசு சபைப் பாதிரியார் கெர்தூ, மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை 1742இல் நீண்ட கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார்.

அவர்கள் கண்ட வேலை இப்படி. அரைகுறையாக வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பிழிந்து, வெயிலில் காயவைத்து, மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். ஊசியால் குத்திய தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால் உருவம் புள்ளிகளாக இறங்கும். இரும்புத் துருவைப் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடுகள். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்துக் கறையைச் சாணநீரில் அலசி வெயிலில் போட்டு நீக்கிவிடலாம். நீலம் வேண்டுமானால் மற்றப் பகுதிகளை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். எத்தனை சலவைக்கும் மங்காத வண்ணம். எந்த உலோக உப்பு எந்த வேரோடு எப்படிப் பிணையும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்தது. இதை வேதியியல் என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. ஐரோப்பாவுக்கு அப்போது அது முழுமையாகத் தெரியாது. கற்றுக்கொள்ளத்தான் போலியூ துணியை வெட்டினார்.

இந்தத் துணி ஐரோப்பாவில் வெறியாகவே பரவியது. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் பருத்தி ஆடைகளைக் கிழித்தெறிந்தார்கள். இரு நாடுகளும் தடை போட்டன. ஆனால் தடை போட்ட விதத்தில் பெரிய வித்தியாசம். பிரான்ஸ் 1686இலேயே இறக்குமதியையும் உள்நாட்டில் அச்சிடுவதையும் சேர்த்துத் தடை செய்தது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தில் வண்ணத் துணியின் வரவை மட்டும் தடுத்தது. வெள்ளைத் துணியை வரவழைத்து லண்டனில் அச்சிடத் தடையில்லை. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுத்தபோதும், ஏற்றுமதிக்கு அச்சிடலாம் என்று விட்டுவைத்தார்கள். 1736இல் மான்செஸ்டர்காரர்கள் நாடாளுமன்றத்தில் முயன்று, லினன் பாவும் பருத்தி ஊடையும் கலந்த துணிக்கு விலக்குப் பெற்றார்கள். இந்தியப் போட்டி வாசலிலேயே நிறுத்தப்பட்டது. உள்ளூர்ப் பட்டறை பாதுகாப்பாக வளர்ந்தது. தடையற்ற வணிகத்தின் தாயகம் என்று பின்னாளில் பேசப்பட்ட நாடு, தன் முதல் பெரும் தொழிலை மதில் கட்டித்தான் வளர்த்தது.

லினன் ஏன் கலந்தார்கள்? இங்கிலாந்தில் கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்கவில்லை, தறியில் அறுந்தது. இந்தியப் பெண்கள் ராட்டையில் நூற்றதற்கு இணையான உறுதி அங்கே யாருக்கும் கைவரவில்லை. ஆர்க்ரைட்டின் இயந்திரம் தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான்: பாவுக்குத் தாங்கும் பருத்தி நூல். அது கிடைத்ததும் 1774இல் முழுப் பருத்தித் துணி மீதான தடை விலகியது. 1779இல் குராம்ப்டனின் இயந்திரம் மெல்லிய நூலையும் தந்தது. 100 பவுண்டு பஞ்சைக் கையால் நூற்க 50,000 மணி நேரம் ஆனது என்றும், 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அதே வேலை சில நூறு மணி நேரத்தில் முடிந்தது என்றும் தொழில்நுட்ப வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தியச் செல்வத்தைச் சூறையாடித்தான் லங்காஷயரின் ஆலைகள் எழுந்தன என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. நிலக்கரியும் இங்கிலாந்தின் உயர்ந்த கூலியும் கைவினைஞர்களின் திறமையும் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகின்றன. அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையும் விடுபடுகிறது. ஆனால் எதைப் போலச் செய்வது, யாருக்கு விற்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கொடுத்தது சோழமண்டலக் கரையும் வங்காளமும் குஜராத்தும். இந்த அளவு கடன் மறுக்க முடியாதது.

இந்தக் கரையின் நெசவாளர் என்ன ஆனார்? வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வில், 18ஆம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் இங்கிலாந்து நெசவாளரைவிட மோசமாக வாழவில்லை என்று வாதிடுகிறார். அவருடைய முக்கியமான சான்று முன்பணம். வணிகர் கொடுத்த முன்பணத்தை நெசவாளர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு நெய்யலாம். வணிகர் நினைத்தபோது அதைத் திரும்பக் கேட்க முடியாது. பிடிக்காவிட்டால் தறியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். ஆங்கிலக் கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனியும் டச்சுக் கம்பெனியும் ஒரே துணிக்குப் போட்டியிட்ட வரை நெசவாளருக்கு அந்தப் பலம் இருந்தது. பிரெஞ்சுப் போட்டி ஒடுங்கி, கம்பெனியே அரசாகவும் ஆனபிறகு, தறிவாசலில் கம்பெனியின் சேவகர்கள் நின்றார்கள். புதுச்சேரி விழுந்தபோது நெசவாளரின் பேரம் பேசும் பலமும் கூடவே விழுந்தது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

வெற்றி பெற்ற கம்பெனி லண்டனையும் தொற்றியது. கம்பெனி ஊழியர்கள் ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கு அதிக வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகக் கிராமங்களின் வரியை எழுதி வாங்கினார்கள். பால் பென்ஃபீல்டு அவர்களில் முதன்மையானவர். 1775இல் இரண்டாம் முறை கவர்னராக வந்த அதே பிகட், தஞ்சாவூரை அதன் மன்னரிடம் திரும்ப ஒப்படைத்தார். பென்ஃபீல்டோ தஞ்சை விளைச்சலே தனக்கு ஈடாக எழுதப்பட்டது என்று உரிமை கோரினார். 1776இல் பிகட்டை அவருடைய சொந்தக் கவுன்சிலின் உறுப்பினர்களே கைது செய்தார்கள். 1777இல் காவலிலேயே அவர் இறந்தார். மன்னரின் தளபதிகளைக் காசால் வென்றவரை, காசே விழுங்கியது. 1785இல் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் முழங்கியபோது, அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் சபையின் இருக்கைகளையே விலைக்கு வாங்கியிருப்பதைத் தோலுரித்தார். 1773இன் ஒழுங்குமுறைச் சட்டமும் 1784இல் இளைய பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டமும் கம்பெனிக்குக் கடிவாளம் போட வந்தவை. மன்னரின் கையைக் கட்ட இங்கிலாந்து ஒரு நூற்றாண்டு போராடியது. கம்பெனியின் கையைக் கட்ட அந்தத் தீவிரம் ஒருபோதும் காட்டப்படவில்லை.

1813இல் இந்திய வணிகத்தில் கம்பெனியின் ஏகபோகம் நீக்கப்பட்டது. 1832இன் சீர்திருத்தச் சட்டம் ஓல்ட் சாரம் போன்ற போலித் தொகுதிகளை ஒழித்து, மான்செஸ்டருக்கு நாடாளுமன்ற இருக்கை கொடுத்தது. ஆலை முதலாளிகளின் குரல் சட்டசபைக்குள் வந்தது. மறு ஆண்டே கம்பெனி வணிகத்தை முற்றாக விட்டு, வெறும் வரி வாங்கும் அரசாக மாறியது. லங்காஷயர் நூலும் துணியும் இந்தியச் சந்தையில் குவிந்தன. பிரிட்டனுக்குள் ஜனநாயகத்தை விரிவாக்கிய அதே சட்டம், கைநூற்பை நம்பி வாழ்ந்த இந்தியப் பெண்ணுக்கு எதிரான தரப்பைப் பலப்படுத்தியது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது வரலாறு ஆகாது.

புதுச்சேரி 1816இல் கடைசி முறையாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று 1814 ஒப்பந்தத்தில் நிபந்தனை. விளையும் உப்பை வாங்கும் தனியுரிமையைக் கூட 1815இல் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடலோரத்தில் வாழும் ஊர் உப்புக்கு ஆங்கிலேயரை எதிர்பார்த்து நின்றது. ஊரைச் சுற்றித் துண்டு துண்டாகக் கிடந்த பிரெஞ்சுக் கிராமங்களுக்கிடையே ஆங்கில எல்லை. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தபோது, அந்தப் பாதைக்கான கம்பெனியும் லண்டனில்தான் பதிவானது.

ஆனாலும் ஆலை இங்கே சீக்கிரமே வந்துவிட்டது. 1820களின் இறுதியில் கவர்னர் ரிஷ்மோன் காலத்தில், பிளேன், தெல்ப்ருக் என்ற இருவர் தொடங்கிய நூற்பாலை, பின்னாளில் சவானா மில் ஆயிற்று. பம்பாயில் முதல் ஆலை ஓடுவதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது இது. அவுரியில் முக்கிய நீலத்துணி செனகலுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெப்ளே மில்லும், 1898இல் ரோடியர் மில்லும் எழுந்தன. ரோடியர்தான் பின்னர் ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் ஆனது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஊரை ஒருவர் இடித்தவர்களின் பெயர்கள் ஒரே வாயில் பலகையில் சேர்ந்தன. வேலை கிடைக்காதவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ், பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போனார்கள்.

அரசியல் சுதந்திரத்திலும் இந்த ஊர் ஒரு விசித்திரமான சான்று. 1871 முதல் புதுச்சேரி மக்கள் வாக்களித்துப் பாரிசின் சட்டமன்றத்துக்குப் பிரதிநிதியை அனுப்பினார்கள். எல்லைக்கு அப்பால் விழுப்புரத்தில் இருந்தவருக்கு அந்த உரிமை இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்தின் தாயகம் என்று பெயர் பெற்ற பிரிட்டனின் ஆட்சியிலிருந்து தப்பி, 1908இல் பாரதியார் இங்கே வந்துதான் ‘இந்தியா’ பத்திரிகையை அச்சிட வேண்டியிருந்தது. ஆனால் வாக்குரிமை ஆலைக்குள் நுழையவில்லை. பிரிட்டனில் 1833இல் குழந்தைகளின் வேலை நேரத்துக்கும் 1847இல் பெண்கள், இளைஞர்களின் வேலை நேரத்துக்கும் வரம்பு வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தபோது, அதைக் கேட்டு அழுத்தம் கொடுத்தவர்களில் பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இருந்தார்கள்.

புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் யாருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை. வ. சுப்பையா 1934இல் ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஆலைவாசல்களில் சங்கம் வளர்ந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். பாரிசில் அப்போது இடதுசாரிகளின் மக்கள் முன்னணி அரசு; அங்கே தொழிலாளருக்கு வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் வந்திருந்த காலம். அந்த அரசின் கொடியின் கீழ்தான் இங்கே துப்பாக்கி வெடித்தது. போராட்டம் ஓயவில்லை. 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. பிரிட்டிஷ் இந்திய ஆலைகளில் அப்போது வாரத்துக்கு 54 மணி நேரம். 48 ஆகக் குறைந்தது 1946இல்.

ஜூலை 30 இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் தினம். சவானா ஆலை ‘சுதேசி’ என்றும், கெப்ளே ஆலை ‘பாரதி’ என்றும் பெயர் மாறின. ரோடியரும் அவையும் 2020இல் மூடப்பட்டன. டூப்ளேயின் சிலை கடற்கரைச் சாலையில் நிற்கிறது. கவர்னர்களின் கடிதங்கள் பாரிசிலும் லண்டனிலும் சென்னையிலும் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆலைத் தொழிலாளர்களின் கூலிப் பதிவேடுகள், சங்கத் துண்டறிக்கைகள், வேலை அட்டைகள் எந்த வீட்டுப் பெட்டியில், எந்த அலுவலக மூலையில் எஞ்சியிருந்தாலும், அவற்றைத் திரட்டிப் பொதுக் காப்பகத்தில் சேர்க்கும் பொறுப்பு புதுச்சேரி அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. முதலாளித் தரப்பின் ஆவணங்களை மட்டும் வைத்து இந்தக் கதையை இனியும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. முதியவர்கள் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.